யாரும் எடுக்காத படங்கள்

முத்துராஜ் ஆண்டியப்பனுக்குத் தர வேண்டிய பாக்கி முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு ரூபாய். ஆண்டியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்றைக்கு அது அந்த அளவில் நின்றது. பத்திரம் கிடையாது, எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. கொடுத்தவருக்கும் வாங்கியவனுக்கும் நடுவில் வாய்ச்சொல் ஒன்றுதான். அந்த இரண்டு வாய்களில் ஒன்றைத் தாடையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டி, வாசலில் பந்தல் போட்டு, நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். இன்னொரு வாய் வீடியோ கேமராவுக்குப் பின்னால் இருந்தது.

செல்போனில் முகம் பார்த்துப் பேசுவது இந்தப் பக்கம் இன்னும் வராத வருஷம் அது. பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்ட வீடுகளில் கல்யாணத்துக்கு எடுப்பது போலவே சாவுக்கும் வீடியோ எடுத்தார்கள். கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் இருந்த முத்துராஜ் கடைக்கு அதில்தான் பாதிப் பிழைப்பு. சிங்கப்பூருக்குப் போகிற டிஸ்க்கில் தொந்தரவு இல்லை. நம்ம டிவியும் அவர்கள் டிவியும் ஒரே ஜாதி. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அப்படியே அனுப்பினால் அங்கே படம் வராது. மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அந்த மாற்றுகிற பெட்டியைச் சுற்றுவட்டாரத்தில் முத்துராஜ் ஒருத்தன்தான் வைத்திருந்தான். ஆண்டியப்பன் கொடுத்த பணத்தில் வாங்கியது.

பெட்டி வந்திறங்கிய அன்று ஆண்டியப்பன் மாடியேறி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இது என்னதான்டா பண்ணும்?”

“நம்ம டிவி ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம் காட்டும்ணே. அமெரிக்கா டிவி முப்பது கேக்கும்.”

“மிச்சம் அஞ்சுக்கு எங்கிட்டுப் போறது?”

“முன்னாடி இருக்க படத்தையும் பின்னாடி இருக்க படத்தையும் பாத்து, நடுவுல என்ன நடந்திருக்கும்னு இதுவா ஒன்னு உண்டாக்கிரும்.”

“அப்ப யாருமே எடுக்காத படமா அது?”

“யாரும் எடுக்காத படந்தான்.”

“அட, நம்ம பஞ்சாயத்துக் கணக்கு மாதிரில்ல இருக்கு” என்று சொல்லிச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். வட்டி கேட்கிற ஆள் இல்லை. முத்துராஜ் மாதாமாதம் போய் ஆயிரமோ ஐந்நூறோ கொடுப்பான். “இன்னும் இவ்வளவு இருக்குடா” என்று மனக்கணக்காகச் சொல்வார். “வாரேண்ணே” என்பான் இவன். “வா” என்பார் அவர். அவ்வளவுதான் அவர்கள் வரவு செலவு.

ஆண்டியப்பன் பெண்சாதி முத்துமாரியம்மாள் ஒரே மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அமெரிக்கா போயிருந்தாள். மகளுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. மருமகனுக்கு இரண்டு பேரையும் விட்டு நகர வழியில்லை. இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாத மனுஷி தனியாக ப்ளேன் மாறி வந்து சேர்வது நடக்காத காரியம். சித்திரை வெயிலில் பிணத்தை எத்தனை நேரம் வைத்திருக்க முடியும்? தம்பி மகன் கண்ணன் கொள்ளி வைப்பதென்று முடிவாயிற்று.

கண்ணன் மொட்டைத் தலையோடு வந்து முத்துராஜ் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஒன்னு விடாம எடுங்கண்ணே. மொகத்த நல்லாக் கிட்டக்கப் போயி எடுங்க. அவரு போறதக் கண்ணால பாக்காம தாலிய எறக்க மாட்டேன்னு பெரியாத்தா சொல்லிருச்சு. பச்சத்தண்ணி குடிக்கலையாம். கருமாதிக்குள்ள டிஸ்க்கு அங்க போயிரணும்.”

“போயிரும்ப்பா” என்றான் முத்துராஜ்.

குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசியும் முடிந்தது. பாடையைப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தூக்குவதற்கு முன்னால் மேளத்தை நிறுத்தச் சொல்லி ஊர்த் தலைவரான அம்பலம் சபையில் கேட்பார். அன்றைக்கும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் வந்தார்.

“பொதுவாக் கேக்குறேன்ப்பா. ஆண்டியப்பனுக்கும் ஒங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தா இப்பவே சொல்லிருங்க. கட்டையத் தூக்குனதுக்கு அப்பறம் பேச்சு கெடையாது.”

“நாந்தான் ரெண்டு மூட நெல்லு குடுக்கணும்” என்று ஒருத்தர் கையைத் தூக்கினார்.

“எனக்கு அவரு ஒரு டீ கடன். நேத்து வாரேன்னாரு, அதுக்குள்ள இங்க வந்து குந்திக்கிட்டாரு” என்று சொல்லிக்கொண்டே ஓவென்று அழுதார் டீக்கடைக்காரர். அழுகைக்கு நடுவிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“வேற யாரு?”

முத்துராஜ் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. மகள் இளமதியைத் திருச்சியில் நர்சிங் படிப்புக்குச் சேர்த்திருந்தான். கட்ட வேண்டிய பீஸில் பாதி அலமாரியில் இருந்தது. மறுபாதிக்கு வழி தெரியாமல் ராத்திரி பகலாகப் புரண்டுகொண்டிருந்தான். இந்த ஒரு கேள்விக்கு வாயை மூடிக்கொண்டால் மாதாமாதம் போகிற காசு மகளுக்குப் போகும். கேமரா பிடிக்கிறவனை யாரும் ஆளாகச் சேர்ப்பதில்லை. அம்பலம் நாலு பக்கமும் பார்த்தார். இவன் இருந்த பக்கமும் பார்த்தார். கேமராவைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

“சரி, தூக்குங்கப்பா.”

மேளம் அடித்தது. அவ்வளவு லேசாகப் போய்விட்டது.

சுடுகாட்டில் கொள்ளி வைக்கிற வரைக்கும் எடுத்தான். லைட்டையும் பையையும் எடுக்கத் திரும்ப வீட்டுக்கு வந்தான். பந்தலுக்குள் அந்த நாற்காலி மட்டும் நனைந்து கிடந்தது. எத்தனையோ மாதமாகப் பழகின வாய். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்து, “வாரேண்ணே” என்று சொல்லிவிட்டான். வாசல் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செவந்தி கையிலிருந்த வாளியோடு அப்படியே நின்று அவனைப் பார்த்தாள்.

மறுநாள் உச்சி வெயிலில் மாற்றுகிற வேலையை ஆரம்பித்தான். அந்தப் பெட்டியில் அவசரம் செல்லாது. கேசட் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரம் உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும். மேஜைமேல் இரண்டு டிவி வைத்திருப்பான். இடது பக்கத்தில் ஓடுவது நம்ம ஊர்ப் படம். வலது பக்கத்தில் ஓடுவது மாற்றி டிஸ்க்கில் பதிகிற படம். இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி ஒன்றுபோல ஓடும். சாவு வீடியோ என்றால் முத்துராஜ் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவான். ஒப்பாரியை எத்தனை தடவை கேட்பது?

ஓட்டிவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது இடது டிவியில் சுடுகாடு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணன் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தான். வலது டிவியில் இன்னும் பந்தல். அம்பலம் நடுவில் நின்றார். கூட்டம் சும்மா நின்றது.

படம் நின்றுபோய்விட்டது என்றுதான் நினைத்தான். பெட்டியைத் தட்டப் போனவன் கையை இழுத்துக்கொண்டான். படம் நிற்கவில்லை. ஊதுபத்திப் புகை மேலே போய்க்கொண்டிருந்தது. ஆண்டியப்பன் கழுத்து மாலையில் ஈ உட்கார்ந்தது, எழுந்தது, உட்கார்ந்தது. அம்பலம் கால் மாற்றி நின்றார். ஒரு பெண் இடுப்புப் பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். யாரும் பேசவில்லை. எதற்கோ காத்துக்கொண்டிருந்தார்கள்.

இடது டிவியில் கேசட் முடிந்து நீலமாகிவிட்டது. வலது பக்கம் பந்தல் அப்படியே இருந்தது. கேசட் ஓடாதபோது படம் எங்கிருந்து வரும்? முத்துராஜ் பின்னால் போய் வயரைப் பிடுங்கினான். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் படம் போனது. வயரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

பெட்டிதான் கெட்டுவிட்டதோ என்று சோதித்துப் பார்த்தான். ஆவூர்ப் பக்கத்து ஜெபமாலை வீட்டுப் பிள்ளைக்குச் சர்ச்சில் முதல் நற்கருணையான புதுநன்மை கொடுத்த கேசட் கனடாவுக்குப் போவதற்காகக் கிடந்தது. அதைப் போட்டான். வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் இரண்டு டிவியிலும் ஒன்றாக நடந்தார்கள், ஒன்றாக மண்டியிட்டார்கள். ஒரு பழுதும் இல்லை.

சாயங்காலம் சோற்றில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தவனைப் பெண்சாதி ராஜலட்சுமி பார்த்தாள்.

“என்ன, கடையிலயே வயித்த நெப்பிட்டு வந்துட்டியளா?”

“மிசுனு சரியா ஓட மாட்டேங்குது.”

“ஓடலன்னா ஆண்டியப்பண்ணன்கிட்டப் போயிச் சொல்லுங்க, அவருதான வாங்கிக் குடுத்தாரு” என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஏங்க, செவந்தி ஒன்னு சொன்னா. வரும்போது அந்த நாக்காலியப் பாத்து வாரேன்னு சொன்னியளாமே?”

“வாய் தவறி வந்துருச்சு.”

“எழவு வீட்டுல யாராச்சும் வாரேன்னு சொல்லுவாகளா? சொல்லாமத்தான கெளம்பணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. வாரேன்னு சொன்னா அங்கிட்டு உள்ளவுக எதிர்பாத்துக்கிட்டுல்ல இருப்பாக?”

முத்துராஜ் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான். கடன் பாக்கி இவ்வளவு இருந்தது என்று ராஜலட்சுமிக்கே தெரியாது. எப்போதோ தீர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்திருந்தான்.

அடுத்த நாளும் உச்சி வேளை. கண்ணன் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். “பெரியாத்தா கண்ணு உள்ள போயிருச்சாம்ணே. கெறங்கிக் கெறங்கி விழுகுதாம். இன்னைக்குக் குடுத்துருங்கண்ணே, திருச்சியில கூரியர்ல போடணும்.”

முத்துராஜ் ஒரு உபாயம் பண்ணினான். அம்பலம் கேட்கிற இடத்தையே வெட்டிவிட்டான். வாய்க்கரிசியிலிருந்து நேராகப் பாடை தூக்குவதற்குத் தாவுகிற மாதிரி புதுக் கேசட்டில் ஏற்றிக்கொண்டான். அந்தக் கேள்வி இனி எங்கேயும் இல்லை. ஓட்டிவிட்டு, இந்தத் தடவை நகராமல் முன்னால் உட்கார்ந்தான்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. குளிப்பாட்டுகிற இடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். இடது டிவியில் அழுதார்கள். வலது டிவியில் தூக்கின கை தூக்கினபடி நின்றது. பிறகு மெதுவாகக் கைகளை இறக்கினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள்.

கேமராவைப் பார்த்தார்கள்.

வீடியோ எடுக்கிறவனுக்குக் கேமராவைப் பார்ப்பவர்கள் புதிதில்லை. கல்யாண வீட்டில் பல்லைக் காட்டுவார்கள், தலைமுடியைச் சரிசெய்வார்கள். இது அந்தப் பார்வை இல்லை. கண்ணாடியைத் தாண்டி, டிவியைத் தாண்டி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இவன் முகத்தில் வந்து நின்ற பார்வை. பின்னால் ஆண்கள் வந்து நின்றார்கள். அன்றைக்கு அந்த நேரத்தில் அங்கே நிற்காதவர்களெல்லாம் வந்து நின்றார்கள். மரத்தடியில் சீட்டு விளையாடியவர்கள், தண்ணீர் கொண்டுவந்த பிள்ளைகள், மேளக்காரர்கள், கடைசியில் அம்பலம். ஊரே இவனைப் பார்த்தது. நடுவில் ஆண்டியப்பன் மட்டும் கண்ணை மூடி, கட்டின வாயோடு இருந்தார். அவர் ஒருத்தர்தான் பார்க்கவில்லை. அதுதான் முத்துராஜுக்குத் தாங்க முடியவில்லை.

கீழே திருச்சி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உரக்கடையில் மூட்டை இறக்கினார்கள். வெயில் ஜன்னல் வழியாக வந்து மேஜையில் கிடந்தது. பட்டப்பகலில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில், முத்துராஜுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

நிறுத்தவும் தோன்றவில்லை. நிறுத்தினால் அமெரிக்காவில் ஒரு மனுஷி பட்டினியில் போய்ச் சேர்ந்துவிடுவாள். இவனை நம்பித்தானே அவள் சோறு தொடாமல் கிடக்கிறாள்? அவள் பார்க்க வேண்டியதை மறித்துக்கொண்டு நிற்பது பெட்டி இல்லை. இவன்தான்.

எழுந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். வலது டிவிக்கு முன்னால், சபையில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“நாந்தான் தரணும்” என்றான். கனைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னான். “ஆண்டியப்பண்ணனுக்கு முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு நாந்தான் தரணும். அன்னைக்கே சொல்லிருக்கணும். பொண்ணுக்குப் பீஸு கட்டணும்னு வாய மூடிக்கிட்டேன். தந்துர்றேன்.”

மைக் எதையும் அவன் செருகியிருக்கவில்லை. ஆனாலும் வலது டிவியில் அம்பலம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியின் பக்கம் திரும்பினார். கூட்டமும் திரும்பியது. அதற்குமேல் பார்க்க முத்துராஜுக்குத் தைரியம் வரவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டான். குறைத்து வைத்திருந்த சத்தத்தில் எங்கோ தூரத்தில் மேளம் அடிக்கிற மாதிரி கேட்டது. மெஷின் வேலை முடிந்து டிஸ்க்கை வெளியே தள்ளுகிற வரைக்கும் அவன் திரும்பவில்லை.

ஓட்டிப் பார்க்காமலே கவரில் போட்டு ஒட்டினான். கண்ணன் வந்து வாங்கிக்கொண்டபோது, அலமாரியிலிருந்த பீஸ் பணத்தையும் எடுத்து நீட்டினான்.

“இது என்னண்ணே?”

“ஒங்க பெரியப்பாவுக்கு நான் தர வேண்டியது. இது பாதிக்குக் கொறச்சல்தான். மிச்சத்த மாசாமாசம் தந்துர்றேன்.”

கண்ணன் பணத்தையும் இவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “அன்னைக்குச் சபையில கேட்டாகளே?”

“கேட்டாக.”

“எனக்கென்னண்ணே தெரியும்? இது பெரியாத்தா காசு. அது பேசட்டும், அப்பறம் பாத்துக்கலாம். வெயில்ல நின்னு நின்னு ஒங்களுக்குச் சூடு ஏறிருச்சு, எளநி வாங்கிக் குடிங்க” என்று சொல்லிவிட்டு டிஸ்க்கோடு திருச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

முத்துராஜ் அன்று ராஜலட்சுமியிடமும் சொன்னான். அவள் கத்தவில்லை. சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “பிள்ளைக்கு என்ன சொல்லப் போறீங்க?” என்று மட்டும் கேட்டாள். இளமதியின் காலேஜில் இருந்து வந்த போனை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

கருமாதிக்கு முந்தின நாள் பகலில் கடைக்குப் போன் வந்தது. எதிர்ப்பக்கம் இரைச்சல், அதற்குள் பச்சைப் பிள்ளை அழுகிற சத்தம், அதற்கப்புறம் முத்துமாரியம்மாள் குரல்.

“முத்துராசா?”

“ஆமா அண்ணி. டிஸ்க்கு வந்துருச்சுங்களா? படம் வந்துச்சுங்களா?”

“தெளிவா வந்துச்சுய்யா. பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சு. நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன்.”

“சாப்புட்டீங்களா அண்ணி?”

“கஞ்சி குடிச்சேன்.” பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. “நீ சொன்னதும் கேட்டுச்சு.”

முத்துராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். “எதுங்க அண்ணி?”

“கேமராவுக்கு அங்கிட்டு நின்னு சொன்னியே, நாந்தான் தரணும்னு. ஒன் கொரலு எனக்குத் தெரியாதா? அம்புட்டுக் கூட்டத்துல, எல்லாரு முன்னாடியும் தைரியமாச் சொன்ன பாத்தியா, அதுவே பெருசு. இந்தக் கடனப் பத்தி எனக்கு இந்த மனுசன் ஒன்னும் சொன்னதில்ல.”

“அண்ணி, கொஞ்சம் பணம் வச்சிருக்கேன். கண்ணன் வாங்க மாட்டேங்கிறான். மிச்சத்த—”

“இருப்பா. அதான் ஒங்க அண்ணனே சொல்லிட்டாருல்ல.”

“யாரு?”

“அவருதான். நீ எடுத்தவன், நீ பாக்கலையா?” அவள் குரலில் அழுகை இல்லை. சந்தையில் பார்த்த ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னாள். “நீ சொல்லி முடிக்கவும் எல்லாரும் அவரத் திரும்பிப் பாத்தாக. கண்ணத் தொறந்தாரு. ஒன்னய ஒரு பார்வ பாத்தாரு. பெறகு வலது கையத் தூக்கி, போதும் விடுன்னு காட்டுனாரு. திரும்பவும் மூடிக்கிட்டாரு. எம் மகளும் பக்கத்துல ஒக்காந்து பாத்தா. அவ எந்திரிச்சு உள்ள ஓடிட்டா. பயந்தாங்கொள்ளி.”

முத்துராஜ் வலது டிவியைப் பார்த்தான். அணைந்து கிடந்தது. அதன் கருப்புக் கண்ணாடியில் ஜன்னலோடு இவனும் தெரிந்தான்.

“நாளைக்குக் கருமாதி அண்ணி” என்றான்.

“இருக்கட்டும். ஊருக்குச் செய்யிறதக் கண்ணன் செய்யட்டும். நான் தாலிய எறக்கல. கண்ணத் தொறந்து பாத்த மனுசனுக்கு எப்படிய்யா எறக்குறது? காலையில எந்திரிச்சதும் போட்டுப் பாப்பேன். அந்த எடம் வர்ற வரைக்கும் பாப்பேன், அதோட நிப்பாட்டிருவேன்.” அந்தப் பக்கம் பிள்ளை வீறிட்டது. அவள் “ச்சோ ச்சோ” என்று அதைத் தட்டினாள். “ஒன் மகளுக்குப் பீஸக் கட்டு. அவரு விட்டுட்டாரு, நானும் விட்டுட்டேன். ஒரு ரூவா தர வேணாம்.”